துரையின் கைத்துப்பாக்கி

கள்ளக்குறிச்சியிலிருந்து உளுந்தூர்ப்பேட்டைக்குப் போகும் நெடுஞ்சாலையில், தியாகதுருகம் நெருங்கும்போதே மலைக்கோட்டை கண்ணில் பட்டுவிடும். 1790ஆம் ஆண்டின் கடைசியில் திருச்சிப் பக்கமிருந்து பெரும்படையோடு வந்த திப்பு சுல்தான் இந்தக் கோட்டையின் முன்னால்தான் தடைபட்டு நின்றார். சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் உடைமைகளோடு மலையடிப் பேட்டைக்குள் தஞ்சம் புகுந்திருந்தார்கள்; திப்புவின் கண் அந்த உடைமைகள் மேல். இருமுறை பேட்டையைத் தாக்கிப் பார்த்தும் பலிக்கவில்லை. உள்ளே கிழக்கிந்தியக் கம்பெனிப் படைக்குத் தலைவராக இருந்தவர் கேப்டன் பிளிண்ட், முந்திய போரில் வந்தவாசிக் கோட்டையைக் காத்துப் பெயர் வாங்கியவர். திப்பு தியாகதுருகத்தை விட்டுவிட்டு வடக்கே திருவண்ணாமலைக்குத் திரும்பினார். இந்த இரண்டு ஊர்களுக்கும் இடையில், தென்பெண்ணைக் கரையில் இருக்கிறது திருக்கோவிலூர்.

உலகளந்த பெருமாளுக்கும் கபிலர் குன்றுக்கும் பேர்போன ஊர் இது. போர்க்களத்தோடு சேர்த்து இதை யாரும் நினைப்பதில்லை. ஆனால் 1750களிலிருந்து 1790கள் வரை ஆற்காட்டு நவாப், பிரெஞ்சுக்காரர், கம்பெனி, மைசூர் என்று நான்கு தரப்பின் படைகளும் இந்த வட்டாரத்தைத்தான் மாறி மாறி மிதித்தன. 1760 ஜனவரியில் வந்தவாசி, 1767 செப்டம்பரில் செங்கம், அதே மாதக் கடைசியில் திருவண்ணாமலை என்று பெயர்பெற்ற சண்டைகள் எல்லாம் சுற்றுவட்டாரத்தில் நடந்தவை. தியாகதுருகம் 1761இல் கம்பெனியிடம் வந்தது. ஹைதர் அலியோடு நடந்த இரண்டாம் மைசூர்ப் போரில் கைவிட்டுப் போய், சமாதானத்துக்குப் பின் திரும்பி வந்தது.

பழம்பொருள் சந்தையில் இப்படிப்பட்ட வரலாற்றுக்கு நல்ல விலை உண்டு. பித்தளைப் பூணும் வாதுமை மரப்பிடியும் கொண்ட ஒரு பழைய கைத்துப்பாக்கியை எடுத்து, “ஹைதர், திப்பு காலத்துப் பிரிட்டிஷ் அதிகாரியின் பிளிண்ட்லாக்” என்று சொல்லிவிட்டால் அதன் மதிப்பே வேறு. இந்த வாக்கியத்தில் இரண்டு செய்திகள் இருக்கின்றன. ஆயுதம் எந்தக் காலத்தது என்பது ஒன்று. யார் கையில் இருந்தது என்பது இன்னொன்று. முதலாவதை இரும்பே சொல்லும், அதைப் படிக்கத் தெரிந்தால் போதும். இரண்டாவதை இரும்பு சொல்வதே அபூர்வம். சேகரிப்பாளர்கள் பணம் கொடுப்பதோ பெரும்பாலும் இரண்டாவதற்கு.

இரும்பைப் படிப்பதிலிருந்து தொடங்கலாம். சிக்கிமுக்கிக் கல்லில் நெருப்புப் பற்றவைக்கும் துப்பாக்கி என்பதுதான் பிளிண்ட்லாக். அதற்கு முன்பிருந்த திரித் துப்பாக்கியில், புகைந்துகொண்டே இருக்கும் கயிற்றுத் திரியைக் கையோடு வைத்திருக்க வேண்டும். குதிரைமேல் போகிறவன் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வான்? திரி இல்லாமல் தீப்பொறியால் பற்றவைக்கும் முறை வந்த பிறகுதான் கைத்துப்பாக்கி சவாரிக்காரனுக்கு ஒத்துவந்தது. வேலை செய்யும் விதம் இதுதான். பொறியின் மேலே ‘குதிரை’ என்று நம்மவர்கள் சொல்லும் வளைந்த கொக்கி. அதன் இரண்டு தாடைகளுக்கு நடுவில், தோல் துண்டில் சுற்றித் திருகாணியால் இறுக்கிய கல். எதிரே செங்குத்தாக நிற்கும் எஃகுத் தகடு. அந்தத் தகட்டின் அடிப்பாகமே சிறிய மருந்துக் கிண்ணிக்கு மூடி. விசையை இழுத்ததும் குதிரை பாய்ந்து கல்லைத் தகட்டின்மேல் உராய்க்கும். தகடு முன்பக்கம் சாய, கிண்ணி திறக்கும். கல் சுரண்டியெடுத்த எஃகுத் துணுக்குகள் சூட்டில் கனன்று கிண்ணிக்குள் விழும். கிண்ணி மருந்து பற்றி, குழலின் பக்கத்தில் உள்ள பற்றுவாய்த் துளை வழியாக உள்ளே கெட்டித்திருக்கும் மருந்துக்கு நெருப்பு பாயும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி தவறினாலும் குண்டு வெளியே வராது. கல் மழுங்கியிருக்கலாம், கிண்ணி மருந்து ஈரம் வாங்கியிருக்கலாம், பற்றுவாய் கரியால் அடைத்திருக்கலாம். கிண்ணியில் மட்டும் புஸ்ஸென்று எரிந்து அடங்கிவிடுவதும் உண்டு.

1740களில் சென்னையில் கம்பெனி எழுத்தராக இருந்த இளைஞன் ராபர்ட் கிளைவ், மனம் வெறுத்துத் தன்னையே சுட்டுக்கொள்ள இருமுறை முயன்றதாகவும், இருமுறையும் துப்பாக்கி வெடிக்கவில்லை என்றும் அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் ஒரு கதை சொல்வார்கள். நடந்ததோ இல்லையோ, அந்தக் காலத்து வாசகருக்கு அது நம்பக்கூடியதாகவே இருந்திருக்கும். இருமுறை வெடிக்காமல் போவது பிளிண்ட்லாக்கின் இயல்புக்குள் அடங்கியதுதான்.

குதிரைப்படைக் கைத்துப்பாக்கியின் அளவுகளையும் பார்த்துவிடலாம். 18ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் பிரிட்டனின் இலகு குதிரைப்படை வைத்திருந்த மாதிரிக்கு ஒன்பது அங்குலக் குழல். வாய் விட்டம் 0.65 அங்குலம், அதாவது பதினாறு மில்லிமீட்டருக்கும் கூடுதல். எடை ஒரு கிலோவைத் தாண்டும். உள்ளே வரிப்பள்ளம் இல்லாத வழவழப்பான குழல். பத்துப் பதினைந்து அடி வைக்கும் தூரத்துக்கு அப்பால் குறி என்று சொல்ல ஒன்றும் இருக்காது. ஓடும் குதிரைமேல் மறுபடி மருந்து கெட்டிப்பது நடக்காத காரியம். அதனால்தான் சேணத்தின் இருபுறமும் உறை வைத்து ஜோடியாகக் கொண்டுபோனார்கள். இரண்டையும் சுட்டுத் தீர்த்தபின் வாள்தான்.

இந்த அளவுகள் சிப்பாய்ச் சவாரிக்குப் பொதுக்கிடங்கிலிருந்து கொடுத்த ஆயுதத்துக்கு உரியவை. அதிகாரியின் ஆயுதம் வேறு. அவர் வாளையும் கைத்துப்பாக்கியையும் சேணத்தையும் தன் காசில் வாங்க வேண்டும். காசுள்ளவர் லண்டனில் ஹென்றி நாக், டர்ஸ் எக், மான்டன் சகோதரர்கள் போன்ற பட்டறைகளில் ஜோடியாகச் செய்வித்து எடுத்து வந்தார். இல்லாதவர் இங்கேயே இரண்டாம் கையாக வாங்கினார். பொறித்தகட்டில் கிரீடமும் ஜி.ஆர். எழுத்தும் ‘டவர்’ என்ற சொல்லும் இருந்தால் அது அரசுக் கிடங்கு ஆயுதம். இதயம் போன்ற கட்டத்தை நான்காகப் பிரித்து உள்ளே வி, ஈ, ஐ, சி என்ற எழுத்துகள் இருந்தால் கம்பெனிக் கிடங்கு. 1808 முதல் அந்த இதயத்தின் இடத்தில் கிரீடம் ஏந்திய சிங்கம் வந்தது. இந்தக் குறிகளில் எது இருந்தாலும் அது பெரும்பாலும் சாதாரணச் சவாரிக்காரனுக்குக் கொடுக்கப்பட்டது. இருந்தும் சந்தையில் அவற்றில் பல ‘அதிகாரியின் கைத்துப்பாக்கி’ என்ற பெயரில்தான் விலைபோகின்றன. சவாரிக்காரன் என்றால் வாங்குபவருக்குக் கிளர்ச்சி குறைவு போலும்.

அதிகாரியின் ஆயுதத்தில் தேட வேண்டியவை வேறு. பொறித்தகட்டில் பட்டறைக்காரர் பெயர், குழலின் அடியில் லண்டன் துப்பாக்கிக் கைவினைஞர் சங்கத்தின் சோதனை முத்திரைகளான கிரீடத்தின்கீழ் ஜி.பி., கிரீடத்தின்கீழ் வி. பர்மிங்காமில் தனிச் சோதனைச்சாலை 1813இல்தான் வந்தது. ஆகவே அதன் முத்திரையுள்ள துப்பாக்கியைத் திப்பு காலத்தது என்று யாராவது சொன்னால் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை. பூண் வெள்ளியாக இருந்தால் யோகம்தான், வெள்ளிக்கு இடும் முத்திரையில் ஆண்டைக் குறிக்கும் எழுத்து இருக்கும். 1790களுக்குப் பின் செய்த உயர்ந்த ரகங்களில் எஃகுத் தகட்டின் வில்லுக்கு ஒரு சிறு உருளையும், பற்றுவாய்க்குத் துருப்பிடிக்காத தங்கத்தாலோ பிளாட்டினத்தாலோ உள்வளையமும், குதிரைக்குப் பின்னால் நகரும் பூட்டும் இருக்கும்.

போலியைக் கண்டுபிடிப்பதற்கும் அதே இடங்களைத்தான் உற்றுப் பார்க்க வேண்டும். கரிமருந்தில் முக்கால் பங்கு வெடியுப்பு. மிச்சம் கரியும் கந்தகமும். அது எரிந்தபின் தங்கும் கசடு காற்றின் ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்னும். நம் ஐப்பசி, கார்த்திகை மழையைக் கண்ட ஆயுதம் என்றால் கிண்ணியின் உள்ளும் பற்றுவாயைச் சுற்றியும் அம்மைத் தழும்பு விழுந்திருக்கும். குழல் முழுக்கத் துருவேறி, கிண்ணி மட்டும் வழவழப்பாக இருந்தால் அந்தத் துரு எந்தப் பட்டறையில் ஏற்றியது என்று கேட்க வேண்டியதுதான். இன்னொரு தந்திரமும் உண்டு. 1830, 40களில் ஏராளமான பிளிண்ட்லாக்குகளை, அடிபட்டதும் பற்றும் மருந்துள்ள சிறு தொப்பி வைத்துச் சுடும் முறைக்கு மாற்றினார்கள்: கிண்ணியை அறுத்து, எஃகுத் தகட்டையும் அதன் வில்லையும் கழற்றி, திருகாணித் துளைகளை அடைத்தார்கள். மூலநிலையில் உள்ளதற்கு விலை கூடுதல் என்பதால் பிற்காலத்தில் பலவற்றை மறுபடி பிளிண்ட்லாக்காக மாற்றிவிட்டார்கள். பொறித்தகட்டைக் கழற்றி உள்பக்கம் பார்த்தால் அடைத்த துளைகளின் வட்டம் மங்கலாகத் தெரியும். இதைத் தவிர, பழைய போர்களை நடித்துக் காட்டும் மேலைநாட்டுக் குழுக்களுக்காக வட இந்தியப் பட்டறைகள் புதிதாகவே பிளிண்ட்லாக்குகளைச் செய்து ஏற்றுமதி செய்கின்றன. பற்றுவாய்த் துளை போடாமல் அனுப்புவது வழக்கம். அவற்றில் குற்றம் ஒன்றுமில்லை. ஆனால் யாராவது அதைப் புளியில் ஊறவைத்து, மண்ணில் புதைத்து எடுத்தால் கதை மாறிவிடும்.

இவ்வளவும் முதல் செய்தியைப் பற்றியது. இரண்டாவதான உடைமைக்காரர் யார் என்ற கேள்விக்கு, அதிகாரியின் கைத்துப்பாக்கியில் ஓர் இடம் ஒதுக்கியே வைத்திருந்தார்கள். பிடியின் மேற்புறத்தில், கட்டைவிரல் படும் இடத்தில் பதித்த சிறு முட்டைவடிவ வெள்ளித் தகடு அது. குடும்பச் சின்னத்தையோ பெயரின் முதல் எழுத்துகளையோ அதில் செதுக்கிக்கொள்ளலாம். கிடைக்கும் துப்பாக்கிகளில் பலவற்றில் அந்தத் தகடு வெறுமையாகவோ தேய்த்து அழித்தோ இருக்கும்.

காரணம் ஏலம். கம்பெனிப் படையில் ஓர் அதிகாரி செத்தால், அவர் குண்டுபட்டுச் செத்தாலும் காய்ச்சலில் செத்தாலும், உடைமைகளைப் பட்டியலிட்டு முகாமிலேயே ஏலம்விட்டுப் பணத்தை வாரிசுக்கு அனுப்புவது வழக்கம். காய்ச்சலில் செத்தவர்களே மிகுதி. கூடாரம், பல்லக்கு, ஒயின் பாட்டில்கள், சட்டைகள், புத்தகங்கள், குதிரை, ஒரு ஜோடி கைத்துப்பாக்கி. வாங்கியவர் பெயரும் கொடுத்த விலையும் பக்கத்தில். இப்படிப்பட்ட பட்டியல்கள் 1780 முதல் வரிசையாகத் தொகுக்கப்பட்டு லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் இருக்கின்றன. செத்தவரின் சின்னத்தைச் சுமந்துகொண்டு புதுச் சொந்தக்காரர் திரிவாரா? சுரண்டிவிட்டுத் தன் எழுத்தைப் போடுவார், அல்லது சும்மா விடுவார். அடுத்த மழைக்காலத்தில் அவர் பொருள்களும் ஏலத்துக்கு வரலாம். பட்டியலில் ‘ஒரு ஜோடி கைத்துப்பாக்கி’ என்ற அளவில்தான் பெரும்பாலும் இருக்கும். எந்தப் பட்டறை, என்ன அடையாளம் என்ற விவரம் அபூர்வம். ஆக, காகிதத்தில் ஆள் இருக்கிறார், ஆயுதத்தில் பட்டறை இருக்கிறது. இரண்டையும் இணைக்கும் தகடு தேய்ந்துவிட்டது.

இதற்கு நேர்மாறு திப்புவின் துப்பாக்கிகள். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் அவருடைய சொந்தப் பட்டறைகளில் செய்தவை. குதிரையும் பொறியும் புலித்தலை, குழலில் புலிவரிகள். அதைவிட முக்கியம், செய்த ஊரும் திப்பு ஏற்படுத்திய மவுலூதி ஆண்டும் கைவினைஞர் பெயரும் பொன் எழுத்தில் பதித்திருக்கும். 1799இல் கோட்டை விழுந்தபோது கொள்ளைப் பங்காக அதிகாரிகளின் பெட்டிகளில் ஏறி இவை பிரிட்டனுக்குப் போயின. 2015 ஏப்ரலில் லண்டன் பான்ஹாம்ஸ் ஏலத்தில் ராபின் விகிங்டன் சேர்த்துவைத்த திப்பு கால ஆயுதங்களும் மற்றவையுமாக 30 உருப்படிகள் 60 லட்சம் பவுண்டுக்கு மேல் விலைபோயின. திப்பு என்ற பெயருக்கு விலை உண்டு என்பது உண்மைதான். ஆனால் வாங்கியவருக்கு அந்தப் பெயரை நம்ப இரும்பிலேயே ஆதாரம் இருந்தது. தோற்றவர் ஆயுதம் தன் ஊரையும் ஆண்டையும் சொல்கிறது; ஜெயித்தவர் ஆயுதம் கடைக்காரர் பெயரைத்தான் சொல்கிறது.

‘அதிகாரியின் துப்பாக்கி’ என்ற மயக்கத்தைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். 1780 ஆகஸ்டில் வந்தவாசிக் கோட்டை, ஆற்காட்டு நவாபின் கோட்டைத் தலைவரான கில்லேதார் வசம் இருந்தது. அவர் அதை ஹைதரிடம் ஒப்படைக்க உடன்பட்டிருந்தார். அப்போது லெப்டினன்டாக இருந்த பிளிண்ட் 100 சிப்பாய்களோடு வந்து, நவாபின் கடிதம் கொண்டுவந்திருப்பதாகவும் கில்லேதார் கையில்தான் கொடுக்க வேண்டும் என்றும் சொல்லி, நான்கு சிப்பாய்களோடு மட்டும் உள்ளே போக அனுமதி வாங்கினார். வாசலுக்கும் தடுப்புக்கும் நடுவில் கம்பளம் விரித்துக் கில்லேதார் மெய்க்காவலர்களோடு உட்கார்ந்திருந்தார். பேச்சில் கடிதம் எதுவும் இல்லை என்று வெளிப்பட்டுவிட்டது. கில்லேதார் எழுந்தபோது பிளிண்ட் பாய்ந்து அவரைப் பிடித்துக்கொள்ள, நான்கு சிப்பாய்களின் பயனெட்டுகளும் அவர் நெஞ்சில் வந்து நின்றன. வெளியே இருந்தவர்கள் உள்ளே புகுந்துவிட்டார்கள். மார்க் வில்க்ஸ் தம் மைசூர் வரலாற்றில் எழுதிவைத்த செய்தி இது. கோட்டை கைமாறியது நான்கு இந்தியச் சிப்பாய்களின் மஸ்கட் என்ற நீண்ட துப்பாக்கிகளின் முனையில். அந்த நால்வர் பெயரும் எங்கும் இல்லை. பிறகு நடந்த முற்றுகையில் பிளிண்ட் மருந்தைக் கோட்டைக்குள்ளேயே செய்வித்துக்கொண்டு தாக்குப்பிடித்தார். இந்த வட்டாரத்துப் போர்களை முடிவுசெய்தவை மஸ்கட்டும் பீரங்கியும் மாட்டுவண்டித் தானியமும்தான். கைத்துப்பாக்கி அதிகாரியின் அந்தஸ்துக்கும், வழியில் கொள்ளைக்காரனை மிரட்டுவதற்கும், சில சமயம் ஒருவரோடொருவர் மானத்துக்காகச் சுட்டுக்கொள்வதற்கும் பயன்பட்டது.

திருக்கோவிலூரிலிருந்து மேற்கே பார்த்தால் கல்வராயன் மலை. அங்கே பழங்குடிகளான மலையாளிகள் வாழ்கிறார்கள். கேரளத்துக்காரர்கள் அல்லர், மலையை ஆளும் குடி என்ற பொருளில் தம்மை அப்படி அழைத்துக்கொள்பவர்கள். சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் ஜாகிர்களின் கீழ் 1976 வரை இருந்த மலை அது. துப்பாக்கிச் செய்திகளில் கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் பெயர் இன்றும் அடிபடுவது இந்த மலையால்தான். கரியாலூர்ப் பக்கம் உரிமம் இல்லாத நாட்டுத்துப்பாக்கி பிடிபட்டது, கூடவே கரிமருந்தும் பால்ரஸ் குண்டும் பறிமுதல் என்று நாளிதழ்களில் அவ்வப்போது வரும். வழக்கில்லாமல் ஒப்படைத்துவிடலாம் என்று காவல்துறை கெடு வைப்பதும், ஒப்படைத்தவற்றை வரிசையாகக் கிடத்திப் படம் எடுப்பதும் உண்டு. காட்டுப்பன்றி தின்னும் பயிரைக் காக்க வைத்திருந்தோம் என்பார்கள். வேட்டைக்கு என்பது காவல்துறைத் தரப்பு. இரண்டும் உண்மையாக இருக்கலாம்.

அந்தப் படங்களை உற்றுப் பார்த்தால் ஒரு வேடிக்கை புலப்படும். வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் இந்தத் துப்பாக்கிகள் தொப்பியடித்து வெடிப்பவை. சிக்கிமுக்கிக் கல்லுக்குப் பதிலாக, அடிபட்டதும் பற்றும் மருந்தைப் பயன்படுத்தும் முறைக்கு 1807இல் உரிமம் வாங்கியவர் அலெக்சாண்டர் ஃபோர்சைத் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். வேட்டைப் பிரியர், கிண்ணியில் பளிச்சிடும் நெருப்பைக் கண்டு பறவைகள் தப்பிவிடுகின்றன என்பதுதான் அவருடைய மனக்குறை. அவர் வழியில் வந்த முறையைப் பிரிட்டிஷ் ராணுவம் 1830களின் இறுதியில்தான் ஏற்கத் தொடங்கியது. ஆகவே கல்வராயனில் பிடிபடும் நாட்டுத்துப்பாக்கி, நுட்பத்தில் கேப்டன் பிளிண்ட் காலத்து லண்டன் கைத்துப்பாக்கியைவிட ஒரு தலைமுறை முந்தி நிற்கிறது. செய்த கொல்லர் அதில் பெயர் பொறிப்பதில்லை, பொறித்தால் உள்ளே போக வேண்டும். ஆனால் யாருடையது என்று ஊருக்கே தெரியும், முதல் தகவல் அறிக்கையிலும் எழுதியிருக்கும்.

பழம்பொருளையும் நாட்டுத்துப்பாக்கியையும் சட்டம் வேறு வேறாகப் பார்க்கிறது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவு, வழக்கொழிந்த மாதிரியாகவோ தொன்மை மதிப்புள்ளதாகவோ பழுதானதாகவோ இருந்து, சரிசெய்தாலும்கூடச் சுடமுடியாத ஆயுதத்துக்கு விலக்கு அளிக்கிறது. பழசு என்பது மட்டும் போதாது, சுடவே முடியாததாகவும் இருக்க வேண்டும். இதை அறியாமல், தாத்தா பெட்டியில் கிடந்தது என்று பழைய குழலை வரவேற்பறையில் மாட்டிவைப்பவர்கள் இருக்கிறார்கள். 1972ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. கோட்டையடி நிலத்தில் உழும்போது புதையலாகக் கிடைத்தால் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளது எதுவானாலும் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். பத்து ரூபாய் என்ற அந்தக் கணக்கு இன்னும் சட்டப்புத்தகத்தில் அப்படியே இருக்கிறது.

சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் படைக்கலக் கூடத்தில் தஞ்சை அரண்மனை ஆயுதசாலையிலிருந்து வந்தவையும் ஜார்ஜ் கோட்டைக் கிடங்கிலிருந்து வந்தவையும் இருக்கின்றன. மன்னர், கம்பெனி என்ற இரண்டு தரப்பும் வந்துவிட்டன. வழக்கு முடிந்ததும் அழிக்கப்போகும் கல்வராயன் துப்பாக்கிகளில் ஒன்றையாவது சுடமுடியாதபடி செய்து, வழக்குக் காகிதத்தின் நகலோடு அதே கூடத்தில் வைக்கலாம். எந்த ஊரில், எந்தத் தேதியில், எதற்காக வைத்திருந்தபோது எடுத்தது என்று எழுதிய காகிதம் அது. லண்டன் ஏலக்கடைக்காரர் ஒரு துப்பாக்கிக்கு இப்படி ஒரு சான்று கிடைத்தால் விலையை இரட்டிப்பாக்கியிருப்பார்.